பட்ஜிக்கு எந்த வெயில் நல்லது?

திருச்சி கே.கே. நகரில் ஒரு வீட்டுக் கூடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். கண்ணாடி ஜன்னலோரம் ஒரு கூண்டு. அதனுள் பச்சையும் மஞ்சளுமாக இரண்டு சிறு கிளிகள். காலை வெயில் கண்ணாடி வழியே கூண்டின் மீது பளிச்சென்று விழுகிறது. 'பறவைகளுக்கு வேண்டிய வெயில் கிடைத்துவிட்டது' என்று வீட்டார் நினைக்கிறார்கள். கிடைத்ததா? இல்லை. ஏன் என்பதைப் பார்ப்போம்.

கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் இப்பறவையின் சரியான பெயர் பட்ஜரிகார், சுருக்கமாக, பட்ஜி. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு வகைக் கிளிகள். பட்ஜியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. 1840இல் ஜான் கூல்டு என்ற பறவையியலார் உயிருள்ள பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன் பின்னரே இவை உலகெங்கும் வீட்டுப் பறவைகளாயின.

கண்ணாடி எதைத் தடுக்கிறது?

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் உண்டு. அவற்றில் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டவற்றைப் புற ஊதா 'பி' கதிர்கள் என்பர். இக்கதிர்கள் தோலில் படும்போது அங்குள்ள ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டி3 ஆக மாறுகிறது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள இந்த வைட்டமின் தேவை. இது குறைந்தால் எலும்பு மெலியும். முட்டையின் ஓடு மெல்லியதாகும்.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பாக் முதலியோர் கோழிக்குஞ்சுகளை வைத்துச் சோதனைகள் செய்தனர். அறைக்குள்ளேயே வளர்ந்த குஞ்சுகளின் கால்கள் தளர்ந்து போயின. சூரிய ஒளி பெற்ற குஞ்சுகள் திடமாக நின்றன.

சாதாரண ஜன்னல் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உள்ளே விடும், சூட்டையும் விடும், புற ஊதா 'பி' கதிர்களை மட்டும் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். ஆகவே ஜன்னலோரப் பறவைக்கு வெப்பம் உண்டு, வைட்டமின் இல்லை. தினையும் கம்பும் மட்டுமே தின்னும் பட்ஜிக்கு உணவிலிருந்தும் இந்த வைட்டமின் கிடைப்பதில்லை.

வெளியே கொண்டுபோனால் போதுமா?

அப்படியானால் கூண்டை மொட்டை மாடி வெயிலில் வைத்துவிடலாமா? கூடாது! பட்ஜியின் எடை ஏறத்தாழ 30 முதல் 40 கிராம். உடல் சிறியதாக இருந்தால் எடையை நோக்க அதன் மேற்பரப்பு அதிகம். அதனால் விரைவில் சூடேறும். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகளும் கிடையா. வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடல் சூட்டைத் தணிக்க வேண்டும். காட்டுப் பட்ஜி உச்சி வெயிலில் மர நிழலைத் தேடிப் போய்விடும். கூண்டுப் பட்ஜி எங்கே போகும்? திருச்சியின் சித்திரை வெயிலில் சிறிது நேரத்திலேயே அதன் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

வெயிலும் வேண்டும், வெயிலும் ஆகாது. இந்தச் சிக்கலுக்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. வானம் ஏன் நீலமாகத் தெரிகிறது என்று படித்திருப்பீர்கள். அலைநீளம் குறைந்த ஒளியைக் காற்றின் மூலக்கூறுகள் அதிகமாகச் சிதறடிக்கின்றன. நீல ஒளியைவிடப் புற ஊதாக் கதிர்களின் அலைநீளம் இன்னும் குறைவு. எனவே அவை இன்னும் அதிகமாகச் சிதறுகின்றன. தரைக்கு வரும் புற ஊதா 'பி' கதிர்களில் பெரும்பங்கு சூரியனிலிருந்து நேராக வராமல், வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. ஆகவே, சூரியன் மறைந்திருந்தாலும் திறந்த வானம் தெரியும் நிழலில் இக்கதிர்கள் கிடைக்கும். சூடு மட்டும் குறையும். ஜன்னலோரம் வெளிச்சம் மிகுதி, பயன் இல்லை. சுவர் நிழலில் வெளிச்சம் குறைவு, பயன் உண்டு! வானமே தெரியாத தாழ்வாரத்தின் உட்புறத்தில் மட்டும் இது பலிக்காது.

எந்த நேரம்?

ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு அதன் நிழலை அளந்து பாருங்கள். நிழல் மிக நீளமாக இருக்கும் அதிகாலையில், கதிர்கள் காற்றைச் சாய்வாக நெடுந்தூரம் கடந்து வருவதால் புற ஊதா 'பி' மிகக் குறைவு. நிழல் சுருங்கச் சுருங்க அது கூடும். நிழலின் நீளம் குச்சிக்குச் சமமாகும்போது சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கிறது. திருச்சியில் இது ஏப்ரலில் ஏறத்தாழ காலை 9.15 மணிக்கும், டிசம்பரில் 10.15 மணிக்கும் நிகழும்.

கோடையில் காலை 7.30 முதல் 8.30க்குள், வானம் தெரியும் நிழலில் இருபது நிமிடம் போதும். மழையில்லாத மார்கழி, தை மாதங்களில் 10 மணி வரையிலும் வைக்கலாம். அக்கினி நட்சத்திர நாட்களில் காற்று அனலாக இருந்தால் வெளியே எடுக்கவே வேண்டாம். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு சிறிதளவும், சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை எனப்படும் கணவாய் ஓடும் கொடுக்கலாம். வைட்டமின் மருந்தைக் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே தர வேண்டும், மிகுதியானால் தீங்கு.

கவனிக்க வேண்டியவை

1. பறவையைக் கையிலோ தோளிலோ வைத்து வெளியே செல்லாதீர்கள். எவ்வளவு பழகிய பட்ஜியும் திடீர் ஓசை கேட்டால் பறந்துவிடும். வளர்ப்புப் புறா தன் கூட்டுக்குத் திரும்பும். உணவும் நீரும் தேடி இடம் மாறி வாழும் இனமான பட்ஜிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதற்குத் தெருவில் இரை தேடவும் தெரியாது, காகங்கள் துரத்தும்.

2. கம்பிக் கூண்டே ஏற்றது. கண்ணாடிப் பெட்டி ஆகாது. 2025இல் திருச்சி கம்பரசம்பேட்டையில் திறக்கப்பட்ட பறவைகள் பூங்காவில் பறவைகளை வலை போர்த்திய பெரிய கூடத்தில் விட்டிருப்பதைக் காணலாம். காற்றும் கதிரும் வலைக்குள் தடையின்றி வரும்.

3. கூண்டுக் கதவைக் கம்பியால் கட்டுங்கள். பாதிக் கூண்டைத் துணியால் மூடுங்கள். வேண்டியபோது பறவை அதன் நிழலில் ஒதுங்கட்டும். உள்ளே தண்ணீர் இருக்கட்டும்.

4. சூடேறும் தளத்தில் வைக்காமல் கொக்கியில் தொங்கவிடுங்கள். பூனை, காகம், வல்லூறு ஆகியவை கம்பிக்கு வெளியிலிருந்தே தாக்கக்கூடும். ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

5. கொசு மருந்துப் புகை அடிக்கும்போதும், பட்டாசு வெடிக்கும்போதும் உள்ளே எடுத்துவிடுங்கள்.

6. பறவை வாயைத் திறந்து மூச்சிரைத்தாலோ, சிறகுகளை உடலைவிட்டு விலக்கிப் பிடித்தாலோ உடனே குளிர்ந்த நிழலுக்கு மாற்றுங்கள். கால்களில் சாதாரண நீரைத் தெளியுங்கள். ஐஸ் நீர் வேண்டாம். தெளியாவிட்டால் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. திருச்சியில் நண்பகலில் குச்சியின் நிழல் ஏறக்குறைய மறைந்துபோகும் நாட்கள் ஆண்டில் இரண்டு முறை வரும். அவை எந்த மாதங்களில்?

2. உங்கள் வீட்டில் வெயில் படாமல், ஆனால் வானம் நன்றாகத் தெரியும் இடம் காலையில் எது? மாலையில் எது?

(முதல் வினாவின் விடை: ஏப்ரல், ஆகஸ்டு. இரண்டாவதன் விடையை உங்கள் வீட்டு முற்றத்தில் தேடுங்கள்.)