ஓய்வெடுத்த நிலம் ஏன் பசித்தது?

நிலத்துக்கும் ஓய்வு வேண்டும் என்பது உழவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஒரு போகம் பயிர் வைக்காமல் தரிசாக விட்டால் மழைநீர் மண்ணில் சேரும். நைட்ரேட் உப்பும் பெருகும். அடுத்த பயிர் செழிக்கத்தானே வேண்டும்?

ஆனால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துக் கரிசல் வயல்களில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஓராண்டுக்கும் மேலாகக் களை கூட இல்லாமல் வெறுமையாகக் கிடந்த நிலத்தில் விதைத்த சூரியகாந்தி, மக்காச்சோளம் முதலிய பயிர்கள் குன்றிப்போயின. பாஸ்பரஸ், துத்தநாகம் ஆகியவற்றின் பற்றாக்குறை செடிகளில் தெரிந்தது. தொடர்ந்து பயிர் செய்த வயல்களில் இந்தக் குறை இல்லை. இதற்கு 'நீள்தரிசுக் கோளாறு' என்றே பெயர் வைத்தார்கள்.

மண்ணில் இருந்த பாஸ்பரஸ் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தது. பின் ஏன் அது செடிக்குக் கிடைக்கவில்லை? இதை அறியச் சிறிது இயற்பியல் வேண்டும்.

ஒரு குவளை நீரில் ஒரு சொட்டு மை விட்டால் அது மெல்லப் பரவுகிறது. இதனை விரவல் என்கிறோம். மண்ணின் ஈரத்தில் கரைந்த உப்புகளும் இவ்வாறே வேரை நோக்கி நகர்கின்றன. ஒரு பொருள் விரவுவதற்கு ஆகும் நேரத்தைத் தோராயமாகக் காண எளிய வழி உண்டு. தொலைவின் வர்க்கத்தை விரவல் எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் போதும். மண்ணில் நைட்ரேட்டின் விரவல் எண் நொடிக்கு 10⁻¹⁰ சதுர மீட்டர் என்று கொள்வோம். 1 மி.மீ. தொலைவைக் கடக்க அதற்கு 5,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். பாஸ்பேட்டோ மண் துகள்களோடு இறுக ஒட்டிக்கொள்ளும் தன்மையது. அதன் விரவல் எண் 10⁻¹³ அளவில் இருந்தால், அதே 1 மி.மீ. தொலைவுக்கு 50 லட்சம் நொடிகள் வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள், 58 நாட்கள்!

எனவே வேர் தன்னை ஒட்டியுள்ள பாஸ்பேட்டை விரைவில் உண்டு தீர்த்துவிடுகிறது. அதைச் சுற்றி ஒரு வெற்று வளையம் உண்டாகிறது. அதற்கு அப்பால் உணவு இருந்தும் செடி பட்டினி கிடக்கிறது.

இங்கேதான் ஒரு பூசணம் துணைக்கு வருகிறது. வேரோடு கூடி வாழும் இத்தகைய பூசணக் கூட்டுறவுக்கு 'மைக்கோரைசா' என்று 1885-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் ஃபிராங்க். பூசணம், வேர் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. பயிர்களில் வாழும் வகை, வேரின் செல்களுக்குள் சிறு மரம் போலக் கிளைத்து நிற்கும்; அதன் இழைகள் மண்ணில் சில செ.மீ. தொலைவு வரை பரவி, வெற்று வளையத்தைத் தாண்டிச் செல்லும்.

இழை மெல்லியதாக இருப்பதில் என்ன இலாபம்? அரை மி.மீ. விட்டமும் 1 செ.மீ. நீளமும் உள்ள வேரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கன அளவைக் கொண்டு 5 மைக்ரான் விட்டமுள்ள இழை செய்தால் அதன் நீளம் 100 மீட்டர்! விட்டம் நூறில் ஒரு பங்கு. ஆகவே நீளம் பத்தாயிரம் மடங்கு. மேற்பரப்பு நூறு மடங்கு. வேர் நுழைய முடியாத சந்துகளிலும் இழை நுழைந்துவிடும்.

இந்த உதவிக்குக் கூலி உண்டு. செடி ஒளிச்சேர்க்கையில் ஆக்கிய கார்பனில் ஒரு பங்கு பூசணத்துக்குப் போகிறது. அது ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கலாம். ஆகவே மண்ணில் பாஸ்பேட் மிகுந்திருந்தால் செடியே பூசணத்தை மட்டுப்படுத்திவிடுகிறது. வாங்க வேண்டிய தேவை இல்லாதபோது விலை கொடுப்பானேன்? ஆழ உழுதால் இழைகள் அறுபடுகின்றன. நீர் தேங்கிக் காற்றோட்டம் குறைந்தாலும் பூசணம் தளர்கிறது.

இப்போது குயின்ஸ்லாந்துப் புதிர் விளங்குகிறதல்லவா? உயிருள்ள வேர் இன்றி இப்பூசணம் வளர்ந்து பெருக இயலாது. நிலம் ஓய்வெடுத்த காலத்தில் பூசணம் பட்டினியால் அருகிப்போயிற்று. அடுத்து வந்த பயிரின் வேர்களில் போதிய பூசணம் குடியேறவில்லை. இதனைத் தாம்சன் என்னும் ஆராய்ச்சியாளர் 1987-இல் விளக்கி எழுதினார். இதிலும் ஒரு வேறுபாடு உண்டு: கடுகு, முட்டைக்கோசு, முள்ளங்கி ஆகியவை அடங்கிய குடும்பம் பொதுவாக இக்கூட்டுறவில் சேருவதில்லை. அவற்றைப் பயிரிட்டாலும் பூசணத்தைப் பொறுத்தவரை நிலம் தரிசுதான்!

பூசணம் மண்ணையும் மாற்றுகிறது. அதன் இழைகள் துகள்களைப் பின்னிக் கட்டிகளாக்குகின்றன. கட்டிகளுக்கு இடையே காற்றும் நீரும் புகுகின்றன. அதனால் வேர் செழிக்கிறது. வேர் செழித்தால் பூசணமும் செழிக்கிறது.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். நெடுநாள் புல் வளர்ந்த இடத்திலிருந்து ஒரு மண் கட்டியும், அடிக்கடி உழுது வெறுமையாகக் கிடக்கும் அதே வகை நிலத்திலிருந்து மற்றொரு கட்டியும் எடுத்து நன்றாக உலர்த்துங்கள். இரண்டையும் வலைத் துண்டில் வைத்து நீருள்ள இரு கண்ணாடிக் குவளைகளில் அமிழ்த்துங்கள். எது முதலில் கரைந்து உதிர்கிறது? புல்நிலத்துக் கட்டியைக் கட்டிக்காப்பதில் வேர்களுக்கும் மக்கிய பொருள்களுக்கும் பங்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த இழைகளுக்கும் உண்டு.