பேப்பர் போட்ட பிறகும் லீவு உண்டு

"பேப்பர் போட்டாச்சு சார், இனிமே லீவு எடுக்க முடியாதாம்."

தொழிலாளர் சட்ட ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. ஓ.எம்.ஆர். சாலையில் வேலை பார்க்கும் என்ஜினியர்கள், வங்கியில் கடன் பிரிவைக் கவனிப்பவர்கள், ஆடிட்டர் அலுவலகத்தில் அடுத்தவர் கணக்கைச் சல்லடை போட்டுச் சலிப்பவர்கள். வாடகை ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பவர்கள் தங்கள் நியமனக் கடிதத்தை மட்டும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டதோடு மறந்துவிடுகிறார்கள்.

அண்மையில் வந்த ஒரு பெண் நோட்டீஸ் பீரியடில் இருந்தார். ஊரில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இரண்டு நாள் போய் வந்திருக்கலாம். லீவு கேட்கவே இல்லை. கேட்டால் கடைசி நாள் தள்ளிப்போய்விடும், புது கம்பெனியில் சேரும் தேதி தவறிவிடும் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னாராம். அவருக்கு யார் சொன்னது? டீம் லீட். அவருக்கு? எச்.ஆர். எச்.ஆருக்கு? "கம்பெனி பாலிசி." அந்தப் பாலிசியைக் கண்ணால் பார்த்தீர்களா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காக ஒரு மகள் அப்பாவின் ஆபரேஷனுக்குப் போகாமல் இருந்திருக்கிறாள் என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது.

வதந்தியை முழுதாகச் சொன்னால் இப்படி வரும்: நோட்டீஸ் பீரியடில் லீவே எடுக்கக் கூடாது, எடுத்தால் அத்தனை நாளும் நோட்டீஸில் கூடும், இது சட்டம்.

கடைசித் துண்டிலிருந்து தொடங்குகிறேன். இப்படி ஒரு சட்டம் கிடையாது. தமிழ்நாட்டில் மென்பொருள் அலுவலகமானாலும் துணிக்கடையானாலும் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்தான் வரும். அதில் லீவைப் பற்றிப் பேசுவது 25ஆம் பிரிவு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த பன்னிரண்டு மாதங்களில் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை. எடுக்காமல் சேர்த்தால் 24 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். இது போக, நோய்க்காகவோ விபத்துக்காகவோ ஆண்டுக்கு 12 நாள் வரை. நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் தற்செயல் விடுப்பாக இன்னொரு 12 நாள் வரை. ராஜினாமா கொடுத்தவருக்கு இதெல்லாம் பொருந்தாது என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் விலக்குத் தருகிறது, உண்மைதான். ஆனால் விசிட்டிங் கார்டில் "மேனேஜர்" என்று அச்சடித்துவிட்டாலே ஒருவர் நிர்வாகி ஆகிவிடமாட்டார். அவர் செய்யும் வேலை எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைக்காரர்களுக்கும் இதே கதைதான் ஓதப்படுகிறது. அவர்களுடைய நிலை இப்போது முன்னைவிட மேல். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்திருந்தால்தான் சம்பளத்துடன் லீவு. புதிய தொகுப்பில் 180 நாள் போதும். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு என்ற கணக்கு மட்டும் பழையபடியே தொடர்கிறது. லீவையும் நோட்டீஸையும் சேர்த்தே பேசிய ஓர் இடம் அந்தப் பழைய சட்டத்தின் 79ஆம் பிரிவில் இருந்தது. தொழிலாளியை வெளியேற்ற முதலாளி கொடுக்கும் நோட்டீஸைக் கணக்கிடும்போது, அவர் எடுக்காமல் வைத்திருக்கும் லீவை அதில் சேர்க்கக் கூடாது என்றது அது. அதாவது, சட்டம் அங்கே வாய் திறந்தது தொழிலாளியின் லீவைக் காப்பாற்றத்தான்.

இதற்குச் சட்டப் புத்தகம்கூட வேண்டாம். உங்கள் சம்பளச் சீட்டே போதும். ராஜினாமா மெயில் அனுப்பிய மறுநாள் முதல் உங்களுக்கு பி.எஃப். பிடிப்பதை நிறுத்திவிட்டார்களா? வருமான வரி பிடிப்பதை நிறுத்தினார்களா? வேறு கம்பெனியில் வேலை செய்யலாம் என்று அனுமதித்தார்களா? இல்லையே. ரகசியம் காக்க வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும், தவறு செய்தால் விளக்கம் கேட்போம் என்கிறார்கள். கடைசி நாள் மாலை வரை நீங்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர். கடமைகள் எல்லாம் கடைசி நாள் வரை தொடரும்போது, லீவு மட்டும் எப்படி முதல் நாளே செத்துப்போகும்?

அடுத்து, நாள் நீளும் என்ற துண்டு. நோட்டீஸ் என்பது நாட்காட்டி நாட்களில் ஓடுவது. அதற்குள் சனி வருகிறது, ஞாயிறு வருகிறது. ஜனவரியில் பேப்பர் போட்டவருக்குப் பொங்கல் வருகிறது, மாட்டுப் பொங்கல் வருகிறது. இந்த நாட்களை யாராவது கடைசியில் கூட்டுகிறார்களா? கூட்டுவதில்லை. இன்ன தேதியில் போகிறேன், அதற்குள் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று முன்கூட்டித் தெரிவிப்பதுதான் நோட்டீஸ். கம்பெனியே ஒப்புதல் கொடுத்து நீங்கள் எடுத்த இரண்டு நாள் லீவும் அந்த ஓட்டத்துக்குள் அடங்கியதுதான். இன்ன தேதியில் விடுவிக்கிறோம் என்று எழுத்தில் உறுதி செய்த பிறகு அந்தத் தேதியை ஒரு தரப்பு மட்டும் இழுத்து நீட்ட முடியாது. அப்படி நீட்ட வேண்டுமானால் நியமனக் கடிதத்திலோ அது சுட்டும் பாலிசியிலோ அதற்கு ஒரு வரி இருக்க வேண்டும்.

சில கம்பெனிகளின் கடிதத்தில் அந்த வரி இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். "நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் விடுப்பின் அளவுக்கு அக்காலம் நீட்டிக்கப்படும்" என்று போட்டிருப்பார்கள். நீங்கள் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். அப்போது அது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம். அதை வைத்துப் பேரம் பேசலாம், சட்டம் கொடுத்த லீவை ஒப்பந்தம் பறிக்க முடியாது என்று வாதாடவும் செய்யலாம். ஆனால் ஒரு கம்பெனியின் கடிதத்தில் இருக்கும் வரியை ஊருக்கே பொதுவான சட்டமாக்கிக் காட்டுவதைத்தான் நான் பொய் என்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கம்பெனிக்கு உள்ள உரிமையையும் மறைக்க மாட்டேன். நீங்கள் கேட்கும் அதே தேதியில் லீவு தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலையை ஒப்படைக்கும் வாரத்தில் ஐந்து நாள் சுற்றுலா கேட்டால் மறுக்கலாம். மறுப்பதில் நியாயமும் இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்தால் அந்த நாட்களின் சம்பளத்தைப் பிடிக்கலாம். அதற்கும் எல்லை உண்டு. ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வராத நாட்களுக்குப் பிடிக்கும் தொகை அந்த நாட்களின் விகிதத்தைத் தாண்டக் கூடாது.

எல்லை எங்கே மீறப்படுகிறது என்று பாருங்கள். மாதம் 60,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2,000. நோட்டீஸில் நான்கு நாள் வரவில்லை. சம்பளத்தில் 8,000 பிடித்தார்கள், சரி. பிறகு கணக்கு முடிக்கும் தாளில் "நோட்டீஸ் குறைவு, 4 நாள்" என்று இன்னொரு 8,000 பிடிக்கிறார்கள். அதே நான்கு நாளுக்கு 16,000. இந்த இரட்டைப் பிடித்தத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர் சண்டைக்கு வரமாட்டார் என்ற தைரியத்தில் நடப்பது இது. கேட்டால் பல நேரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பதில்லை என்பதுதான் கொடுமை.

25ஆம் பிரிவில் ஊழியர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. 12 நாள் விடுமுறைக்கு உரிமையுள்ளவர் அதற்கு விண்ணப்பித்து, முதலாளி மறுத்து, பிறகு அவர் வேலையை விட்டால், அந்த விடுமுறைக்கு உரிய சம்பளத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும். சொல்லைக் கவனியுங்கள்: விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு. காபி மெஷின் பக்கத்தில் நின்று வாய்மொழியாகக் கேட்டதும், மேலாளர் "பார்க்கலாம்" என்று சொன்னதும் எதற்கும் உதவாது. மெயிலில் கேளுங்கள். என்ன வகை லீவு, எந்தத் தேதி, என்ன காரணம், மூன்றே வரி. மறுப்பு வந்தாலும் அது உங்கள் கையில் ஒரு சான்று. பயந்துபோய்க் கேட்காமலே இருந்தவருக்கு லீவும் போயிற்று, அந்தப் பிரிவின் வழியாக வர வேண்டிய பணமும் போயிற்று.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு நேரம் செலவிடத் தேவையில்லை.

நோட்டீஸில் உடம்பு சரியில்லை என்று படுத்தால் "அப்ஸ்காண்டிங்" என்று போட்டுவிடுவார்களாம். தகவல் சொல்லி, மருத்துவச் சான்றிதழ் அனுப்பிவிட்டுப் படுத்திருப்பவர் ஓடிப்போனவர் ஆகமாட்டார். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. கட்டுகிறவர் என்றால், தகுதி இருக்கும்வரை நோய்க்கால உதவித்தொகையும் உண்டு. நோட்டீஸ் காலத்திலும் சந்தா பிடிக்கிறார்கள் அல்லவா?

ரிலீவிங் லெட்டர் இல்லையென்றால் பி.எஃப். பணம் முடங்கிவிடும் என்பது இன்னொன்று. வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதியாவிட்டால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே யு.ஏ.என். தளத்தில் பதிந்துகொள்ளும் வசதி 2020 முதல் இருக்கிறது.

கணக்கு முடிக்க 45 நாள் ஆகும், அதுதான் விதி என்பார்கள். அது அவர்கள் வசதி. ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது புதிய ஊதியத் தொகுப்பு.

ஊழியர்கள் பக்கத்திலிருந்து கிளம்பும் வதந்தியும் உண்டு. மிச்சமிருக்கும் லீவையெல்லாம் நோட்டீஸில் கழித்துக்கொண்டு முன்னாலேயே போய்விடலாம், அது உரிமை என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனோ மச்சானோ சொல்லியிருப்பார். அங்கே ஆண்டு விடுப்பைக் கொண்டு நோட்டீஸ் நாட்களை ஈடுகட்டும் முறை இருக்கிறது. இங்கே கம்பெனி ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். ஒப்புதல் இல்லாமல் நடையைக் கட்டினால், குறைந்த நாட்களுக்கு ஒப்பந்தப்படி பணம் கேட்பார்கள். அப்போது என்னிடம் வந்து பயனில்லை.

இத்தனை வதந்திக்கும் வேர் ஒன்றுதான்: 90 நாள் நோட்டீஸ். முப்பது நாள் நோட்டீஸ் என்றால் லீவு ஒரு பிரச்சினையே ஆகாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். மூன்று மாதத்தில் காய்ச்சல் வராமல் இருக்குமா? கல்யாணம், காரியம், குழந்தையின் பள்ளிக்கூடம், எதுவும் குறுக்கிடாமல் இருக்குமா? மனிதர் வாழ்க்கையில் கால் பங்கு ஆண்டை எடுத்துக்கொண்டு, அதில் லீவே கூடாது என்பது அநியாயம். கடைசி மாதத்தில் செய்ய வேலையில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் லீவு மறுக்கப்பட்டிருக்கிறது.

இதே கம்பெனிகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவைப் பாருங்கள். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணத்தோடு அனுப்ப முதலாளி கொடுக்க வேண்டியது ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கு ஈடான சம்பளம். ஊழியர் கொடுக்க வேண்டிய நோட்டீஸுக்கு அந்தப் பிரிவு உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் 60 நாளும் 90 நாளும் நுழைந்தன. கம்பெனி விட்டால் 30 நாள், நீ விட்டால் 90 நாள் என்று ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் நியமனக் கடிதங்கள் என் மேசைக்கு வருகின்றன.

இதைச் சரிசெய்ய டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. இது மாநிலச் சட்டம். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்யும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் இதே சட்டத்தில் ஒரு சிறு பிரிவைச் சேர்த்தது தமிழ்நாடு சட்டமன்றம். ஊழியர் கொடுக்க வேண்டிய நோட்டீஸ், முதலாளி கொடுக்க வேண்டியதைவிட ஒரு நாளும் கூடக் கூடாது, உரிய லீவு எடுத்ததற்காக அது நீளவும் கூடாது என்று 41ஆம் பிரிவோடு இரண்டு வரி சேர்த்தால் போதும். தொழிற்சங்கங்கள் இந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்க வேண்டும். அப்போதைய தொழில் தகராறுச் சட்டத்திலிருந்து ஐ.டி. நிறுவனங்களுக்கு விலக்கில்லை, அங்கேயும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் தொழிலாளர் நலத்துறை வரும்போது உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. இதைப் பேச வேண்டுமென்றால், அதற்கு முன்னால் யாராவது அவரிடம் மனுவாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.