நம்பிக்கையற்ற உறுப்பினரும் நம்பமுடியாத தராசும்

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் தீர்மானப் புத்தகத்தை நான்தான் எழுதுகிறேன். மூன்று மாதமாகத் தவணை கட்டாத ஓர் அக்காவைப் பற்றி, ‘நம்பிக்கையற்ற உறுப்பினர் என்பதால் புதிய கடன் இல்லை’ என்று எழுதினேன். மசாலாப் பொடி நிறுக்கும் தராசு சரியில்லை என்பதால், அதே பக்கத்தில் ‘நம்பமுடியாத தராசை மாற்ற வேண்டும்’ என்றும் எழுதினேன். தராசு வரியைப் படித்து எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்கா மட்டும், ‘என்னைத் திருடி என்கிறாயா?’ என்று கேட்டு அழுதுவிட்டார். அடுத்த மாதம் வங்கியிலிருந்து பதிவேடுகளைப் பார்க்க வருகிறார்கள். நான் எழுதியது பெரிய தப்பா ஐயா? அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா?
– ம.செ., விருத்தாசலம்

பதில்: கிழிக்காதீர்கள் அம்மா. சொல் ஒன்று தவறாக விழுந்திருப்பதைப் பார்த்து எந்த வங்கிக்காரரும் பயப்பட மாட்டார். பக்கம் காணாமல் போயிருந்தால்தான் கேள்வி கேட்பார். நீங்கள் செய்தது படித்தவர்களும் பத்திரிகைகளும் அன்றாடம் செய்யும் பிழை. திருத்துவதும் எளிது. ஆனால் அந்த அக்கா அழுததிலும் நியாயம் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

‘நம்பு’ என்ற வினைக்கு இரண்டு பக்கம் உண்டு. நம்புகிறவர் ஒருவர், நம்பப்படுவது இன்னொன்று. இந்த வினையைப் பெயரெச்சமாக்கி (முற்றுப்பெறாமல் ஒரு பெயரைத் தழுவி நிற்கும் வினை) ஒரு பெயருக்கு முன்னால் வைத்தால், அந்தப் பெயர் எந்தப் பக்கம் என்பது வடிவத்தில் தெரியாது. எழுதிய பெண், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய நாள், எழுதிய தீர்மானம் என எல்லாவற்றுக்கும் ஒரே ‘எழுதிய’தான். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்ற ஆறு வகைப் பெயர்களைப் பெயரெச்சம் கொண்டு முடியும் என்று நன்னூலே வகுத்திருக்கிறது. பேனா எழுதாது, பெண்தான் எழுதுவாள் என்பது நமக்கே தெரியுமாதலால் அங்கே குழப்பம் வருவதில்லை. ‘நம்பாத மனிதர்’ என்றால் வருகிறது. அவர் பிறரை நம்பாதவரா, பிறர் நம்பாதவரா? மனிதர் இரண்டு பக்கத்திலும் நிற்கக்கூடியவர்.

‘நம்பிக்கையற்ற’ என்பதிலும் இதே சிக்கல்தான். தேர்வில் தோற்ற பிள்ளை நம்பிக்கையற்றுப் போனான் என்கிறோம். அங்கே நம்பிக்கை இல்லாதது அவனிடம். ஆளுக்கு முன்னால் இந்தச் சொல் வந்தால் மனம் தளர்ந்தவர் என்ற பொருள்தான் முதலில் தோன்றும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கொண்டுவரும் ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ இருக்கிறதே, அந்தத் தீர்மானத்தை நம்பக் கூடாது என்றா பொருள்? 1963இல் நேரு அரசின் மீது மக்களவையில் எதிர்த்தரப்பு உறுப்பினர் கிருபளானி கொண்டுவந்தாரே, அங்கே நம்பிக்கை இல்லாதவர் அவர், நம்பப்படாதது அரசு. தீர்மானம் அதைச் சொல்லும் தாள், அவ்வளவே.

‘நம்பமுடியாத’ என்பதன் போக்கு வேறு. ‘நம்பமுடியாத விலை’ என்று துணிக்கடைத் தட்டியில் எழுதியிருந்தால் யாரும் கடைக்காரரைச் சந்தேகிப்பதில்லை. கூட்டமாக உள்ளே போகிறார்கள். கதை, செய்தி, சாக்கு போன்றவற்றின் முன்னால் வந்தால் ‘உண்மை என்று ஏற்க முடியாத’ என்ற பொருளைத் தரும். மற்ற இடங்களில் பெரும்பாலும் வியப்புக்கே போய்விடும். உங்கள் தராசு ஏதோ அதிசயத் தராசு போல ஒலித்ததால்தான் சிரித்தார்கள்.

கருவி, கணக்கு, தகவல் ஆகியவற்றுக்கு ‘நம்பகமற்ற’ என்று எழுதுங்கள். வியப்பும் மனத்தளர்ச்சியும் அதில் ஒட்டுவதில்லை. ‘நம்பத்தகாத’ என்றும் ஒரு சொல் உண்டு. அதை எடுக்குமுன் யோசிக்க வேண்டும். தகாத பேச்சு, தகாத செயல் என்று நாம் எதையெல்லாம் சொல்கிறோம் என்று பாருங்கள். ஆளின் மேல் வைத்தால் அது அவருடைய குணத்துக்கே தீர்ப்பு. மூன்று தவணை தவறியதற்கு அந்தத் தீர்ப்பு அதிகம். நீங்கள் எழுதாவிட்டாலும் அக்காவின் காதில் விழுந்தது இந்தச் சொல்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதை நம்பக் கூடாதோ அதை ‘நம்பு’ என்ற வினையே இல்லாமல் சொல்வது தமிழின் பழைய வழக்கம். மழை பெய்யாவிட்டால் ‘வானம் பொய்த்தது’ என்றது சங்கத் தமிழ். இன்றும் ‘மழை பொய்த்துப் போச்சு’ என்கிறோம். மனம் ஒட்டாமல் வெளியே மட்டும் பழகுகிறவரின் உறவுக்குத் திருக்குறளின் 83ஆம் அதிகாரம் இட்ட பெயர் ‘கூடாநட்பு’. ‘கூடாத’ என்பதன் கடைசி எழுத்து விழுந்து ‘கூடா’ என நிற்பதால் இதை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் (இறுதி குறைந்து, இல்லை என்னும் பொருள் தரும் பெயரெச்சம்) என்பார்கள். ஊர்ப்பேச்சிலும் இற்றுப்போன கயிறு, உளுத்த உத்தரம், ஆடுகிற ஏணி என்கிறோம். எது கெட்டிருக்கிறது, எதனால் ஆபத்து என்பது அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. ‘நம்பகமற்ற கயிறு’ என்றால் அவ்வளவு தெரியாது.

தராசையே எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் 10 கிராம் கூடுதலாகக் காட்டும் தராசும், ஒரே பொட்டலத்தை மூன்று முறை வைத்தால் மூன்று எடை காட்டும் தராசும் ஒன்றல்ல. முதலாவதில் பிழை நிலையானது, சரிசெய்யக் கூடும். இரண்டாவதில் எந்த எடை மெய் என்றே தெரியாது. இரண்டையும் ‘நம்பகமற்ற’ என்று சொல்லிவிடலாம். பழுது பார்ப்பவருக்கு அது போதாது. விற்பனைக்கு நிறுக்கிறீர்கள் என்பதால் தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான் இதைக் கவனிக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது. உறுப்பினர்கள் கையெழுத்திட்ட பக்கத்தில் அடித்தல் திருத்தல் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் ஒரு திருத்தத் தீர்மானம் எழுதுங்கள்:

‘சென்ற கூட்டத் தீர்மானத்தில் “நம்பிக்கையற்ற உறுப்பினர்” என்றுள்ளதை “மூன்று மாதத் தவணை நிலுவையுள்ள உறுப்பினர்” என்றும், “நம்பமுடியாத தராசு” என்றுள்ளதை “ஒரே பொருளுக்கு வெவ்வேறு எடை காட்டும் தராசு” என்றும் திருத்திக்கொள்ள முடிவு செய்யப்பட்டது. நிலுவை தீர்ந்ததும் உறுப்பினரின் கடன் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்.’

தராசு எப்படித் தவறுகிறது என்பதைச் சோதித்துப் பார்த்து அந்த இடத்தைச் சரியாக நிரப்புங்கள். எழுதியதை அந்த அக்காவும் இருக்கும்போது உரக்கப் படித்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

முறையாகத் திருப்பிச் செலுத்துவதும் முறையாகப் பதிவேடு எழுதுவதும் உங்கள் குழுவின் பஞ்சசூத்திரத்தில் (சுய உதவிக் குழுக்களுக்கான ஐந்து விதிகள்) அடங்கியவைதானே. வங்கிக்காரருக்குத் தேவை நிலுவைத் தொகையும் தேதியும். அக்காவின் குணம் அவருக்குத் தேவையில்லை. நிலுவை என்று எழுதினால் அவர் கட்டிய நாளில் அது தீர்ந்துவிடும். ‘நம்பத்தகாதவர்’ என்று எழுதினால் கட்டிய பிறகும் அது அவர் பெயரோடு புத்தகத்தில் கிடக்கும்.

ஆகவே, பொருளுக்கு ‘நம்பகமற்ற’ என்று எழுதத் தயங்காதீர்கள். எப்படி என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. ஆளைப் பற்றி எழுதும்போது அடைமொழியை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் தேதியோடு எழுதுங்கள்.