கயிறு சிக்காமல் கடலில் ஓட: கைட் சர்ஃபிங் பழகுவோருக்கும் பழகியவருக்கும் 17 குறிப்புகள்

பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு பலகைமேல் நின்று கடலில் ஓடும் கைட் சர்ஃபிங், ராமேஸ்வரம் தீவுக்கும் கற்பிட்டிக் களப்புக்கும் இப்போது புதிதல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது பதக்க விளையாட்டாகவே நடந்தது. பாரிஸில் கடல் ஏது, மார்சேயில் வைத்து நடத்தினார்கள். பட்டத்தை ஏற்றுவதையும் பலகையில் எழுந்து நிற்பதையும் பயிற்சியாளர்கள் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். யாருக்கு யார் வழிவிடுவது என்ற பாடம் மட்டும் கடைசி நாளில் அவசர அவசரமாக முடிந்துவிடும். நாற்பது வயதைத் தொட்ட பிறகு கற்றவள் நான். மூன்று பேரிடம் திட்டு வாங்கியும், பிறகு இரண்டு பேரைத் திட்டியும் தெரிந்துகொண்டவை இவை.

1. வலது மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூல் கட்டிக்கொள்ளுங்கள். எதிரெதிரே இருவர் வந்தால், வலது கை முன்னால் இருக்க ஓடுபவருக்கே வழி. பாய்மரப் படகுகளுக்குக் காலங்காலமாக இருக்கும் விதி இது: காற்றை வலப்பக்கம் வாங்கி ஓடும் படகுக்கு முன்னுரிமை. பதற்றத்தில் வலது எது, இடது எது என்பது மறந்துபோகும். நூல் முன்னால் போகிறதா, நேராகப் போங்கள். பின்னால் இருக்கிறதா, ஒதுங்குங்கள்.

2. காற்று வரும் பக்கம் காற்றுக்கு மேல். போகும் பக்கம் காற்றுக்குக் கீழ். இருவர் ஒருவரையொருவர் கடக்கும்போது, காற்றுக்கு மேலே இருப்பவர் பட்டத்தை உயர்த்த வேண்டும், கீழே இருப்பவர் பட்டத்தைத் தாழ்த்த வேண்டும். இரண்டு பட்டமும் ஒரே உயரத்தில் இருந்தால் சிக்கல்தான். புரியவில்லையென்றால் வீட்டில் டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து ஓட விடுங்கள். இரண்டு கரண்டிக் காம்பில் ஒரு முழ நூல் கட்டி, நுனியில் காகிதத் துண்டு ஒட்டி, எதிரெதிரே நகர்த்திப் பாருங்கள். பிள்ளைகளும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்வார்கள். என் வீட்டில் என்னைவிட என் மகள்தான் முதலில் பிடித்துக்கொண்டாள்.

3. கயிற்றின் நீளத்தை மனதில் வாங்குங்கள். பெரும்பாலான பட்டங்களுக்கு 20 முதல் 24 மீட்டர் கயிறு. 24 மீட்டர் என்றால் ஏறக்குறைய 80 அடி. 30-க்கு 40 மனையில் வீடு கட்டியவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு மனை நீளம் வரும். ஆள் எங்கோ தூரத்தில் இருக்கிறார் என்று நினைப்பீர்கள், அவருடைய பட்டம் உங்கள் தலைக்கு மேல் நிற்கும். ஆளைப் பார்த்துத் தூரம் கணிக்காதீர்கள், பட்டத்தைப் பார்த்துக் கணியுங்கள்.

4. ஒரே திசையில் இருவர் ஓடினால் காற்றுக்கு மேலே இருப்பவர்தான் ஒதுங்க வேண்டும். காரணம் எளிது. பட்டம் எப்போதும் காற்றுக்குக் கீழேதான் பறக்கும், ஓடுபவரின் முகமும் அந்தப் பக்கமே இருக்கும். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் தெரிகிறார். கீழே இருப்பவருக்கோ மேலே இருப்பவர் முதுகுக்குப் பின்னால். கண்ணில் தெரிகிறவர் மேல்தான் பொறுப்பு. பின்னாலிருந்து முந்துகிறவருக்கும் இதே நியாயம்: முன்னால் மெதுவாகப் போகிறவர் தன் போக்கில் போவார், வேகமாக வருகிறவர் விலகிப் போக வேண்டும்.

5. திரும்புவதற்கு முன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. இண்டிகேட்டர் போடாமல் சட்டென்று வலப்பக்கம் திரும்பும் ஸ்கூட்டர்காரரை நாம் என்னவெல்லாம் சொல்கிறோம்? அதையே கடலிலும் சொல்வார்கள்.

6. புதியவருக்கு ஒரு வரி மட்டும்: நேராக ஓடுங்கள். எதிரே அனுபவசாலி வருகிறாரே என்று பயந்து கடைசி நொடியில் வளைவதுதான் பெரிய ஆபத்து. நீங்கள் எங்கே போவீர்கள் என்று தெரிந்தால் அவர் சுற்றிக்கொண்டு போய்விடுவார். ஒதுங்க வேண்டிய முறை உங்களுடையது, ஆனால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று புரியவில்லை என்றால், பட்டத்தைத் தலைக்கு நேர் மேலே கொண்டுவந்து தண்ணீரில் உட்கார்ந்துவிடுங்கள். நீங்கள் நின்றுவிட்டதைப் பார்த்து அவரே சுற்றிப் போவார்.

7. முன்னுரிமை இருக்கிறது என்பதற்காக மோதுவதற்கு உரிமை கிடையாது. கப்பல்களுக்கான 1972-ஆம் ஆண்டு சர்வதேச விதிகளிலேயே, வழி உள்ள கப்பலும் மோதல் நெருங்கினால் விலகியாக வேண்டும் என்றுதான் இருக்கிறது. பத்து வருடம் பட்டம் விட்ட ஒருவர் "நான் வலது கை முன்னால வந்தேன், அவன் ஏன் ஒதுங்கல" என்று கரையில் நின்று வாதாடினார். அவர் சொன்னது சரிதான். ஒதுங்காத பையனுக்கு அது மூன்றாவது வகுப்பு. ஒதுங்கத் தெரிந்திருந்தால் ஒதுங்கியிருப்பான்.

8. அனுபவசாலிகளே, புதியவரைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கலாம். தலையில் ஹெல்மெட், அதில் சில சமயம் ரேடியோ. பட்டம் ஒரு இடத்தில் நிற்காமல் மேலும் கீழுமாக ஊசலாடும். எழுந்து நாலு அடி ஓடி உட்கார்ந்துவிடுவார். பலகையைத் தவறவிட்டவர் வெறும் உடம்பால் தண்ணீரில் கோணல்மாணலாக இழுபட்டுக்கொண்டு போவார். அலையில் தலை மட்டுமே தெரியும். பட்டம் பறக்கிறது, கீழே ஆளைக் காணோம் என்றால் அங்கே ஒரு தலை இருக்கிறது என்று அர்த்தம். விதிப்புத்தகம் என்ன சொன்னாலும் இவர்களுக்கு வழி விட்டுவிடுங்கள்.

9. அவர்களைக் கடக்கும்போது காற்றுக்கு மேல் பக்கமாக, உங்கள் பட்டத்தை உயர்த்தி, தாராளமாக இடம் விட்டுப் போங்கள். புதியவர் கட்டுப்பாட்டை இழந்தால் காற்று போகும் திசையில்தான் இழுபடுவார். அவர் பட்டம் விழுவதும் அந்தப் பக்கமே. கீழ்ப்பக்கமாகத்தான் போக முடியும் என்றால் இரண்டு கயிறு நீளத்துக்குக் குறையாமல் தள்ளிப் போங்கள்.

10. குதித்துக் காட்டும் ஆசை எல்லோருக்கும் உண்டு. கரையில் செல்போனோடு நாலு பேர் நின்றால் இன்னும் கூடும். குதிப்பதற்குக் காற்றுக்குக் கீழே 50 மீட்டர், மேலே 30 மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்பது பயிற்சிப் பள்ளிகள் சொல்லும் கணக்கு. வகுப்பு நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இந்த 50 மீட்டர் ஒருபோதும் காலியாக இருக்காது. அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குதியுங்கள், யார் வேண்டாம் என்றது? கூட்டம் வேண்டுமென்றால் அவர்களும் நடந்து வருவார்கள்.

11. புதியவர்களே, பட்டம் ஏற்றும் இடத்துக்கு நேர் எதிரே பழகாதீர்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் சைக்கிள் பழகுவது போன்றது அது. காற்றுக்குக் கீழே, ஆள் குறைந்த பக்கம் போங்கள். எப்படியும் ஆரம்பத்தில் காற்று உங்களைக் கீழே கொண்டுபோய்விடும். கரையேறி, பட்டத்தோடு மணலில் நடந்து திரும்ப வேண்டியிருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் ஒரு சீசன் முழுக்க நடந்தேன். காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசும் நாளில் மட்டும் தனியாக இறங்கவே இறங்காதீர்கள். ராமேஸ்வரத்தில் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறு பக்கம் பாக் விரிகுடா. தென்மேற்குக் காற்றுக்கு ஒரு கரை, வாடைக் காற்றுக்கு வேறு கரை. இன்றைக்கு எந்தக் கரை என்று உள்ளூர்க்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

12. கரையிலும் வரிசை உண்டு. கடலுக்குள் போகிறவருக்கு முதல் வழி, திரும்பி வருகிறவர் காத்திருக்க வேண்டும். பட்டம் ஏற்றுபவரின் காற்றுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது, சுண்டல் விற்கும் தம்பியும்தான். அவரிடம் சொல்ல வேண்டியது நம் வேலை. கயிற்றை விரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அடுத்தவர் கயிறு விரித்திருந்தால் தாண்டாமல் சுற்றிப் போங்கள். திடீரென்று பட்டம் எழும்பினால் கால் போய்விடும்.

13. பட்டத்தைப் பிடித்து ஏற்றிவிடுவது, இறங்கும்போது பிடித்துக்கொடுப்பது, இரண்டும் கடற்கரைக் கடன். இன்று நீங்கள் செய்தால் நாளை உங்களுக்கு ஒருவர் செய்வார். கட்டைவிரல் உயர்த்தினால் ‘ஏற்றலாம்’, உள்ளங்கையால் உச்சந்தலையைத் தட்டினால் ‘இறக்கிவிடுங்கள்’. கட்டைவிரல் உயராத வரை பட்டத்தை விடாதீர்கள். இதுவரை பட்டம் பிடித்ததில்லை என்றால் "அண்ணே, எனக்குத் தெரியாது, சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். தெரிந்ததுபோல் பிடித்து, தலைகீழாக விட்டு, ஒரு பெரியவரைப் புதருக்குள் இழுத்துவிட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

14. கயிற்றை வெறுங்கையால் பிடிக்காதீர்கள், விரலில் சுற்றாதீர்கள். பட்டம் இழுத்தால் மெல்லிய கயிறு கத்திபோல் அறுக்கும். இரண்டு பட்டமும் சிக்கிக்கொண்டால் யார் தப்பு என்ற விசாரணையைக் கரைக்கு ஒத்திவைத்து, இருவரும் உடனே கைப்பிடியில் உள்ள அவசர விடுவிப்பான குயிக் ரிலீஸைத் தள்ளிப் பட்டத்தின் இழுவையைக் கொல்லுங்கள். பிறகும் இழுத்தால் பட்டத்தோடு உங்களை இணைக்கும் லீஷையும் கழற்றுங்கள். பட்டம் போனால் போகட்டும்.

அந்த ரிலீஸைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க வீட்டிலேயே பழகலாம். ஊஞ்சல் கொக்கியில் கைப்பிடியின் வளையத்தைக் கயிறு கொண்டு தொங்கவிட்டு, இடுப்பில் கட்டும் ஹார்னஸை அதில் மாட்டி, லேசாகப் பாரம் கொடுத்து, ரிலீஸைத் தள்ளுங்கள். கீழே பாய் மெத்தை அவசியம். இருபது தடவை செய்தால் கைக்குப் பழகிவிடும். மணல் ஏறிய ரிலீஸ் சிக்கும், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

15. எல்லா விதிக்கும் மேலே கடலில் வேலை செய்பவர்கள். கரைவலை இழுக்கும்போது அதன் கயிறு கடலுக்குள் வெகுதூரம் போகும், தண்ணீருக்கு மேல் தெரியாது. கரையில் வரிசையாக ஆட்கள் இழுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம். மண்டபம், பாம்பன் பக்கம் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள் தண்ணீர் மட்டத்தோடு கிடக்கும், பாசி எடுக்கும் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நிற்பார்கள். பட்டத்தின் நிழல் மேலே ஓடினாலே திடுக்கிடுகிறது என்று ஓர் அக்கா சொன்னார். காயப்போட்ட வலைமேல் பட்டத்தை வைக்காதீர்கள், செருப்புக் காலோடு மிதிக்காதீர்கள். நமக்கு இது பொழுதுபோக்கு. அவர்களுக்கு அடுப்பெரிய வேண்டும்.

16. கடலில் வைத்துத் திட்டாதீர்கள். காற்றில் பாதி வார்த்தை போய்விடும், மிச்சம் கேட்பது கோபம் மட்டுமே. பயந்தவர் அடுத்த நிமிடம் இன்னொரு தப்பு செய்வார். கரைக்கு வந்தபின், இருவரும் பட்டத்தை இறக்கியபின், "தம்பி, நான் அங்க வந்தப்ப நீங்க இப்படித் திரும்புனீங்க" என்று மணலில் கோடு போட்டுக் காட்டுங்கள். பெரிய பட்டத்தோடு ஒரு புதியவர் இறங்கப் போவதைப் பார்த்தால் முன்னாலேயே சொல்லுங்கள். காற்று 10 நாட் (knot) வேகத்திலிருந்து 20 நாட்டாக ஏறினால் அதன் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. காலையில் அடக்கமாக இருந்த 12 சதுர மீட்டர் பட்டம் மதியம் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். தவறவிட்ட பலகையைத் தேடுகிறவருக்கு அது எந்தப் பக்கம் என்று கையால் காட்டினாலே பாதி உதவி. உங்களால் அடுத்தவர் கயிறு அறுந்தால் கேட்பதற்கு முன் காசைக் கொடுத்துவிடுங்கள், கூட ஒரு டீயும்.

17. பலகையிலும் பட்டத்திலும் அழியாத மார்க்கரால் பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள். ஆள் இல்லாமல் மிதக்கும் பட்டத்தைப் பார்த்தால் யாரோ மூழ்கிவிட்டார்கள் என்றுதான் படகுக்காரர்கள் நினைப்பார்கள், பிழைப்பை விட்டுவிட்டுத் தேடுவார்கள். பட்டத்தை விட்டுவிட்டுக் கரையேறினால் உடனே இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணில் ஆள் பத்திரம் என்று சொல்லிவிடுங்கள், பக்கத்து மீனவர்களிடமும் சொல்லிவையுங்கள். என் பலகை ஒருமுறை மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது. எடுத்து வைத்திருந்த வீட்டில் அதன்மேல் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். வாசனை போக ஒரு வாரம் ஆயிற்று. எலுமிச்சைத் தோலும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தால் போகும்.