மண்ணில்லாச் சாகுபடியில் வேரைக் காக்கும் பாக்டீரியாக்கள்

மண்ணை அறவே நீக்கி, சத்துக் கரைசலைக் கொண்டே தக்காளியும் வெள்ளரியும் பயிரிடும் முறை ஹாலந்து நாட்டுக் கண்ணாடிக் குடில்களில் நிலைபெற்றுவிட்டது. பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சிலோ, நம் பொள்ளாச்சிப் பகுதியிலிருந்தும் கப்பலேறும் தென்னை நார்த்தூளிலோ செடிகள் வேர்விடுகின்றன. மண் போனால் மண்வழி நோய்களும் போகும் என்று எண்ணத் தோன்றும். அது பாதி உண்மையே.

வடிந்த கரைசலையே மீண்டும் சுற்றவிடுவது செலவைக் குறைக்கும். ஆயினும் அபாயமும் அங்கேதான் உள்ளது. வேரழுகலை விளைவிக்கும் பித்தியம் என்னும், பூசணத்தை ஒத்த உயிரின் வித்துக்கள் நீரில் நீந்த வல்லவை. ஒரு செடியில் தோன்றிய நோய் குழாய் வழியே வரிசை முழுவதையும் எட்டிவிடும். கரைசல் வெப்பமடைந்து பிராணவாயு குறையுங்கால் கேடு இன்னும் மிகுதி. மண்ணிலோ அதனுடன் போட்டியிட எண்ணற்ற உயிர்கள் உண்டு. புதிய பஞ்சில் அவை இல்லை. ஆளில்லா வீட்டில் கள்வன் புகுவது எளிதன்றோ?

அவ்வீட்டில் நல்ல குடிகளை முன்னரே அமர்த்துவதற்காகத்தான் சூடோமோனாஸ், பாசில்லஸ் ஆகிய பாக்டீரியாக்களை இடுகின்றனர். இவை வேர்க்கசிவை உண்டு வேரின்மேல் படர்கின்றன. சில வகைகள் நோய்க்கிருமியை ஒடுக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. சூடோமோனாஸ் இரும்புச் சத்தைக் கவர்ந்து பகைவனைப் பட்டினியிடுவதும் உண்டு. ஆனால் இரும்பு தாராளமாகக் கலந்த கரைசலில் இவ்வழி அவ்வளவாகப் பலிப்பதில்லை.

இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. ஹாலந்து ஆராய்ச்சியாளர் வான் பேரும் அவர்தம் தோழர்களும் 1991-இல் வெளியிட்ட சோதனையில், கார்னேஷன் செடியின் வேரில் சூடோமோனாஸை இட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்டில் வாடல் நோய்ப் பூசணத்தைச் செலுத்தினர். வேரில் இருந்ததும் தண்டில் புகுந்ததும் சந்திக்கவேயில்லை. எனினும் நோய் குறைந்தது. செடியின் எதிர்ப்புச் சக்தியே தூண்டப்பட்டது என்பது இதனால் விளங்கிற்று.

ஆதலின் இது காவலேயன்றி மருந்தன்று. நாற்றுப் பருவத்திலேயே இடவேண்டும். அழுகிய வேரை இது மீட்காது. பாக்டீரியாவை இட்டபின் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவது பணத்தை நீரில் கரைப்பதாகும். சுற்றும் நீரைத் தூய்மையாக்க மெதுவான மணல் வடிகட்டியே மேல் என்பது எம் கருத்து. சதுர மீட்டருக்கு மணிக்கு 100 முதல் 300 லிட்டர் வரை நீர் இறங்குமாறு அமைத்தால், மணலின்மேல் படரும் உயிர்ப்படலம் நோய் வித்துக்களைப் பெரிதும் தடுத்துவிடும்.

சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்குவோர் தேதியைப் பார்த்து வாங்குக. பாசில்லஸ் வித்தாக உறங்கி நெடுநாள் தாங்கும். சூடோமோனாஸ் அவ்வாறு தாங்காது. டால்க் மாவில் கலந்த சரக்கு சொட்டுநீர்க் குழாயை அடைக்கும். கரைத்து வடிகட்டியே விடவேண்டும்.