கல்முனை மாநகர முதல்வர்கள்: ஒரு பட்டியலும் அதன் இடைவெளிகளும்

கடந்த விடுமுறையில் திருக்கோவிலிலிருந்து கல்முனையிலுள்ள சாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அரசறிவியல் படிக்கிறேன் என்றதும் சாச்சி கேட்டார்: "அப்ப சொல்லு மகள், இப்ப கல்முனைக்கு மேயர் ஆரு?" எனக்குப் பதில் வரவில்லை. தேடிப் பார்த்தபோதுதான், அந்த ஆசனம் வெறுமையாக இருப்பது தெரிந்தது. இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

உள்ளூராட்சி மன்றங்கள் மூன்று வகைப்படும். திருக்கோவில், நிந்தவூர், காரைதீவு போன்றவை பிரதேச சபைகள். அம்பாறை நகரில் இருப்பது நகர சபை. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருப்பவை மாநகர சபைகள். முதல் இரண்டுக்கும் தலைவர் தவிசாளர். மாநகர சபைக்குத் தலைவர் முதல்வர். அவரையே பேச்சு வழக்கில் மேயர் என்கிறோம். வடிகான், தெருவிளக்கு, குப்பை அகற்றல், பொதுச் சந்தை, நூலகம் என அன்றாட வாழ்வைத் தொடும் வேலைகள் இம்மன்றங்களுக்கு உரியவை.

இலங்கையில் மாநகர சபை முறை 1865இல் கொழும்பிலும் கண்டியிலும் தொடங்கியது. ஆரம்பத்தில் ஆங்கிலேய அதிகாரிகளே தலைமை தாங்கினர். 1937இல்தான் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து கொழும்பின் முதலாவது தெரிவு செய்யப்பட்ட முதல்வரானார்.

கல்முனையின் கதை பிந்தியது. தனித்தனி மன்றங்களாக இருந்த கல்முனைப் பட்டினமும் கரைவாகுப் பகுதிகளும் 1987இல் ஒரே பிரதேச சபையாயின. 2001இல் அது மாநகர சபையாகத் தரமுயர்ந்தது. எனினும் முதல் மாநகர சபைத் தேர்தல் 2006இலேயே நடந்தது. 2004 சுனாமி எமது கரையைச் சிதைத்துச் சென்றிருந்த காலம் அது. அத்தேர்தலின் பின் எச்.எம்.எம்.ஹரீஸ் முதல்வரானார். அவர் 2010இல் நாடாளுமன்றம் சென்றார். அதன்பின் முன்னாள் செனட்டர் மசூர் மௌலானா அப்பதவியை வகித்தார்.

2011 தேர்தலின் பின் சிராஸ் மீராசாஹிப் முதல்வரானார். 2013இல் அவர் பதவி விலக, சட்டத்தரணி நிஸாம் காரியப்பர் பொறுப்பேற்றார். ஒரே சபை, இரு முதல்வர்கள். ஊருக்கு ஊர் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய பதவியாக அது பார்க்கப்பட்டதை இது காட்டுகிறது. 2018இல் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் சட்டத்தரணி ஏ.எம்.றகீப் தெரிவானார். அச்சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் பல சிறு நகரங்களில் மக்கள் மேயருக்கென்றே தனியாக வாக்களிக்கிறார்கள். இங்கே நாம் தெரிவு செய்வது உறுப்பினர்களை. முதல்வரைத் தீர்மானிப்பது கட்சியோ சபையோதான். ஆகவே சபை இல்லாதபோது முதல்வரும் இல்லை. நிர்வாகம் ஆணையாளரின் கைக்குப் போகிறது. ஆணையாளர் திறமையானவராக இருக்கலாம். ஆனால் அவர் எம்மிடம் வாக்குக் கேட்டு வந்தவர் அல்லர்.

2001 முதல் 2006 வரை ஓர் இடைவெளி. முந்திய சபை கலைந்தபின் 2018 வரை இன்னோர் இடைவெளி. 2023 முதல் மூன்றாவது. 2025 மே 6இல் நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும், நீதிமன்ற வழக்குக் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. சாய்ந்தமருதுக்குத் தனிச்சபை வேண்டும் என்ற நீண்டகாலக் கோரிக்கையே இதன் பின்னணி. 2020 பெப்ரவரியில் அதற்கு வர்த்தமானி வெளியாகி, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. பிரிவது சரியா, சேர்ந்திருப்பது சரியா என்பதைப் பெரியவர்கள் பேசித் தீர்க்கட்டும். அதுவரை வாக்குரிமை காத்திருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

பட்டியலில் இன்னொரு வெற்றிடமும் உண்டு. மேலே சொன்ன பெயர்களில் ஒரு பெண்ணும் இல்லை. யாழ்ப்பாணத்தில் 1998இல் சரோஜினி யோகேஸ்வரன் முதல்வரானார். அதே ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். எமக்கு அடுத்த மட்டக்களப்பில் 2008இல் சிவகீதா பிரபாகரன் முதல்வரானார். கொழும்பில் 2018இல் ரோசி சேனாநாயக்க. அந்த 2018 தேர்தலில்தான் பெண்களுக்கான 25 சதவீத ஒதுக்கீடு முதன்முறை நடைமுறைக்கு வந்தது. சபைக்குள் கதவு திறந்துவிட்டது. தலைமை ஆசனம் இன்னும் தூரத்தில் இருக்கிறது.

எம் வகுப்புத் தோழியர் பலர் விரைவில் பதினெட்டு வயதை அடைவார்கள். கல்முனையில் வசிப்பவர்கள் வாக்காளர் இடாப்பில் பெயர் பதிவார்கள். ஆனால் தம் சபைக்கு எப்போது வாக்களிப்பார்கள் என்று சொல்ல முடியாது. சாச்சியின் கேள்விக்கு அடுத்த விடுமுறையிலாவது ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல விரும்புகிறேன். அது ஒரு பெண்ணின் பெயராக இருந்தால் இன்னும் மகிழ்வேன்.