போகச் சொன்னால் ஏன் போவதில்லை?

ஆபத்து வருகிறது, வீட்டை விட்டுப் போங்கள் என்று சொன்ன பிறகும் போகாதவர்களை "பிடிவாதம் புடிச்ச சனம், சொன்னா கேக்காது" என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் ஏன் போகவில்லை என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

2005 ஆகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனா என்ற பெரும் சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. அங்குள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரின் பல பகுதிகள் கடல் மட்டத்திலும் பள்ளமானவை. எல்லோரும் வெளியேற வேண்டும் என்று மேயர் முதல் நாளே கட்டளையிட்டார். பெரும்பாலானோர் போய்விட்டார்கள். ஆனால் பல்லாயிரம் பேர் நின்றுவிட்டார்கள். வெள்ளத்தைத் தடுக்கும் கட்டுகள் உடைந்து நகரின் 80 சதவீதம் தண்ணீரில் மூழ்கியது. அந்தச் சூறாவளியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

நின்றவர்களின் காரணங்கள் இவை:

1. வாகனம் இல்லை. பஸ் ஏற்பாடும் போதவில்லை. மாதக் கடைசி என்பதால் ஏழைகள் கையில் காசும் இல்லை.

2. வீட்டில் வயசானவர், நோயாளி. லூசியானா மாநிலத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள்.

3. வளர்த்த நாய், பூனையை விட்டுப்போக மனம் வரவில்லை. இதைக் கண்ட பிறகு 2006இல், வளர்ப்புப் பிராணிகளுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

4. "1969இல் வந்த கமில் சூறாவளிக்கே தாங்கின வீடு, இதுக்கா விழும்?" என்ற நம்பிக்கை. அன்று தண்ணீர் வராத இடங்களுக்கும் 2005இல் வந்தது.

பாருங்கள், நான்கில் ஒன்றுதான் நம்பிக்கை சம்பந்தப்பட்டது. மற்றவை இல்லாமையும் பாசமும்.

நமக்குச் சூறாவளியை விட மண்சரிவுதான் பெரிய பயம். ஆனால் கதை ஒன்றுதான். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயங்கள் மண்ணில் புதைந்தன. அது ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போய்க் குடியிருக்க மாற்று இடம் தரவில்லை என்று தப்பியவர்கள் சொன்னார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மழையிலும் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின.

ஆகவே, போகச் சொல்வது பாதி வேலைதான். "மாடு கட்டிக் கிடக்கு, நகை பெட்டியில இருக்கு, நாளைக்குப் பேர் விழாது, பாட்டியால நடக்க ஏலாது" என்று வரும் ஒவ்வொரு தடைக்கும் வெயில் காலத்திலேயே வழி செய்து வைப்பதுதான் மீதிப் பாதி.

மழை அளவை நினைவில் வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினால், உடனே வெளியேற வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, திடீரென்று புது ஊற்று, மரம் சாய்தல் கண்டாலும் மழைக் கணக்குப் பார்க்காமல் கிளம்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

லயத்தில் கூடிப் பேச வேண்டிய கேள்விகள்:

• ராத்திரியில் எந்த வழியாக, எந்த இடத்துக்குப் போவோம்?
• நடக்க முடியாதவர் எந்தக் காம்பராவில்? தூக்கப்போகும் இரண்டு பேர் யார்?
• அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், நகை, மருந்து எல்லாம் ஒரே பையில் இருக்கிறதா?
• மாட்டை அவிழ்த்துவிடுவது யார் பொறுப்பு?
• போவதற்குப் பாதுகாப்பான இடமே இல்லையென்றால், தோட்ட நிர்வாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் எழுத்தில் கேட்டோமா?

கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால், அந்தக் கடிதத்தை இந்த வாரமே எழுதுவோம். எழுதித் தரவும் கூட வரவும் நாங்கள் இருக்கிறோம்.